12 அடிச் சாலை… 14 அடி வண்டி!

சம்பா அறுப்பு வந்தால் டெல்டாவின் கிராமச் சாலைகள் ஏன் திணறுகின்றன?

காலை எட்டேகால். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் ஓர் ஆள் ஆழத்தில் வயல். நடுவில் கரைமேல் ஓடுகிறது தார்ச்சாலை. வளைவில் திரும்பிய மினி பஸ் சட்டென்று நிற்கிறது. எதிரே, சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு அறுப்பு மெஷின்.

பஸ்ஸுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன், பால் கேன் கட்டிய இரண்டு பைக். மெஷினுக்குப் பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர், அதற்கும் பின்னால் வைக்கோல் லாரி. பஸ் பின்னுக்குப் போகலாம் என்றால் வேன் போக வேண்டும். மெஷின் பின்னுக்குப் போகலாம் என்றால் லாரி போக வேண்டும். ‘நீ ஒதுங்கு’, ‘நீ ஒதுங்கு’ என்று கொஞ்ச நேரம் குரல் உயர்கிறது. கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கை காட்டிக் காட்டி மெஷினை ஒரு வயலின் இறக்கத்தில் பாதி இறக்கி நிறுத்துகிறார். பஸ் உரசாமல் நழுவிப் போகிறது.

யாருக்கும் காயமில்லை. செய்தியாகிற அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் வேனில் இருந்த பிள்ளைகளுக்கு முதல் பீரியட் போய்விட்டது. மெஷினுக்காக வரப்பில் காத்திருந்த விவசாயிக்கு அரை ஏக்கர் அறுக்கிற நேரம் போய்விட்டது. அந்த இறக்கத்து மண் சரிந்து வாய்க்காலில் விழுந்துவிட்டது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தை, மாசி இரண்டு மாதமும் இப்படி ஒரு முறையாவது சாலையில் நிற்காதவர் அநேகமாக இருக்க மாட்டார்கள். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பு வரும்போது இதே கதை இன்னொரு சுற்று. யார் ஒதுங்குவது என்ற சண்டையாகவே இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், ஒதுங்க மறுக்கிற மனிதர்களைவிட ஒதுங்க இடமும் நேரமும் வகுக்காத ஏற்பாடுதான் குறையாகத் தெரிகிறது.

அளவிலேயே இடிக்கிறது

முதலில் அளவுநாடாவைப் பிடித்துவிடுவோம். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அந்தத் திட்டத்தில் போடப்படும் வழக்கமான சாலையின் தார்ப்பகுதி 3.75 மீட்டர் அகலம். 12 அடிக்குச் சற்று மேல். வண்டிப் போக்குவரத்து குறைந்த ஊர்களுக்கு 3 மீட்டரே போதும் என்று விதி இடம் தருகிறது. அது முழுதாகப் பத்து அடிகூட இல்லை.

சாதாரண வாகனம் ஒன்றுக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர். ஆக, இந்தச் சாலையில் ஒரு பஸ் தாராளமாகப் போகும். எதிரே இன்னொரு பஸ் வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டும்.

இனி மெஷின். நெல் அறுக்கும் டயர் மெஷின்களில் பெரியவற்றுக்கு முன்னால் இருக்கும் வெட்டும் பகுதி, அதாவது டிரைவர்கள் ‘கட்டர் பார்’ என்று சொல்வது, 14 அடி நீளம். மீட்டரில் 4.27. அதைக் கழற்றாமல் சாலையில் ஏற்றினால், 3.75 மீட்டர் தாரைத் தாண்டி இரண்டு பக்கமும் கால் கால் மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். சாலையே வண்டிக்குள் அடங்கிவிடுகிறது. எதிரே வருகிறவருக்கு மிஞ்சுவது மண் ஓரம் மட்டும். பெரிய மெஷினின் எடை எட்டு டன்னை ஒட்டி.

இன்னொரு விஷயமும் உண்டு. கார், பஸ், லாரி எல்லாம் முன்சக்கரத்தில் திரும்புகிறவை. அறுப்பு மெஷின் பின்சக்கரத்தில் திரும்பும். முன்பக்கம் இடம் பார்த்து இடது பக்கம் ஒடித்தால், பின்பக்கம் வலது பக்கம் வீசும். முன்னால் வழி கிடைத்துவிட்டது என்று நம்பிப் பக்கத்தில் நுழைகிற பைக்காரரைத் தள்ளுவது பெரும்பாலும் இந்த வால்தான். மெஷினைத் தாண்ட நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதை.

தண்ணீர் போட்ட சாலை

இவ்வளவு குறுகலாக யார் சாலை போட்டார்கள் என்று கேட்டால், டெல்டாவில் விடை ஒன்றுதான்: தண்ணீர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது ஆறு. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று நரம்பு நரம்பாகப் போகிறது. மழைக்காலத்தில் ஊரே தண்ணீரில் நிற்கும்போது மேடாக இருப்பது கரை மட்டும்தான். அதனால் கரையே வழி. அதன்மேல் மாட்டு வண்டி போய்த் தடம் விழுந்தது. தடத்தின்மேல் கப்பி விழுந்தது. கப்பியின்மேல் தார் விழுந்தது. வாய்க்கால் வளைந்த இடத்திலெல்லாம் சாலையும் வளைந்தது. மதகு இருந்த இடத்திலெல்லாம் குறுகியது.

இப்படிப்பட்ட சாலையை அகலமாக்குவது சொல்கிற அளவுக்கு எளிதில்லை. ஒரு பக்கம் நீர்வளத் துறையின் ஆறு, மறுபக்கம் யாரோ ஒருவரின் பட்டா நிலம். கரையை அகலப்படுத்த மண் கொட்டினால் வாய்க்கால் சுருங்கும். வாய்க்கால் சுருங்கினால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. சாலையைக் கேட்கிற அதே விவசாயிதான் தண்ணீரையும் கேட்கிறார்.

2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்’ 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் ஊரகச் சாலைகளை மேம்படுத்துவதாகச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் தார் புதிதானால் வேகம் கூடும், அகலம் கூடாது. பள்ளத்துக்குப் பயந்து இருபதில் போன வண்டி, வழுவழுப்பான சாலையில் ஐம்பதில் போகிறது. அறுப்பு மெஷின் மட்டும் அதே வேகத்தில்தான் வருகிறது.

மெஷினுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

சாலையில் மெஷின்காரர் முரடாகத் தெரியலாம். அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும்.

நெல்லுக்கு நாள் கணக்கு உண்டு. குறுவையில் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்கள் ஏறத்தாழ 110 நாளில் அறுப்புக்கு வரும். சம்பாவில் பொன்மணி என்கிற சி.ஆர். 1009 போன்றவை 150 நாளைத் தாண்டும். ஒரே வாரத்தில் தண்ணீர் வந்து, ஒரே வாரத்தில் நட்ட பகுதியில் ஒரே வாரத்தில்தான் கதிரும் முற்றும். ஒரு ஊரே ஒரே நேரத்தில் மெஷினைத் தேடும். முற்றிய கதிரை நாள் கடத்தினால் நெல் உதிரும். நடுவே மழை பெய்தால் பயிர் சாயும். சாய்ந்த பயிர் ஈரத்தில் கிடந்தால் நின்ற இடத்திலேயே முளைக்கும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த மழையில் டெல்டா அதைக் கண்ணால் பார்த்தது. நிமிர்ந்து நிற்கும் பயிரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஏக்கர் என்று அறுக்கிற மெஷின், சாய்ந்த பயிரில் இரண்டு மணிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும்.

அறுத்தாலும் கதை முடியவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கும் ஈரப்பதம் 17 சதவிகிதம் வரைதான். மத்திய அரசு தளர்த்தினால் உண்டு, இல்லாவிட்டால் நெல்லைத் திரும்பக் காயவைக்க வேண்டும். காலைப் பனி உலர்ந்த பிறகு அறுத்தால் ஈரம் குறையும் என்பதால் எல்லோரும் கேட்பது அதே பத்து மணி முதல் மாலை வரையிலான நேரம். அதற்குள் வயலில் நிற்க வேண்டுமானால் மெஷின் சாலையில் நகர வேண்டியது எட்டு மணி முதல் பத்து மணிக்குள். பள்ளிக்கூட வேனும் அதே நேரத்தில்தான் வருகிறது.

பணக் கணக்கும் இருக்கிறது. மெஷின் வாடகை வயலில் ஓடும் மணிக்குத்தான். சாலையில் ஓடும் மணிக்கு டீசல் மட்டும் எரியும். ஆத்தூர், தலைவாசல் பக்கத்திலிருந்து அறுப்பைத் துரத்திக்கொண்டு டெல்டாவுக்கு வரும் மெஷின்கள் ஏராளம். பஞ்சாபில் செய்த வண்டிகளும் அவற்றில் உண்டு. கடனில் வாங்கிய வண்டி. சீசன் சில வாரம். ‘அந்தப் பக்கம் பத்து ஏக்கர் இருக்கு, உடனே வா’ என்று தரகரின் போன். சாலையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் டிரைவருக்குக் கைப்பணம் கரைகிற நிமிடம்.

நிலம் துண்டு துண்டாக இருப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்தான். டெல்டாவில் நிலத்தை இன்னமும் மாவிலும் வேலியிலும் சொல்வார்கள். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இங்கே ஐந்து மா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று மா, கோயிலுக்குப் பின்னால் ஏழு மா என்று மெஷின் ஒரே நாளில் பல முறை சாலை ஏறி இறங்குகிறது. நூறு ஏக்கர் ஒரே தாக்காக உள்ள நாட்டில் மெஷின் வயலுக்குள் ஒருமுறை போனால் நாள் கணக்கில் வெளியே வராது. சிறுவிவசாயி ஊரில் மெஷினின் பாதி வாழ்க்கை சாலையில் கழிகிறது.

டயரா, பெல்ட்டா?

டெல்டா விவசாயி மெஷினை இரண்டு சாதியாகப் பிரிப்பார்: டயர் மெஷின், பெல்ட் மெஷின். காய்ந்த வயலுக்கு டயர். ஈர வயலுக்கும் சாய்ந்த பயிருக்கும் பெல்ட். பெல்ட் மெஷினுக்கு வாடகை அதிகம். ஆனால் ரப்பர் பெல்ட் எடையைப் பரப்பித் தாங்குவதால் களிமண் சேற்றில் புதையாது. வெட்டும் பகுதியும் சின்னது, பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டி. ஜப்பான் போன்ற சிறு வயல் நாடுகளில் உருவான வடிவம் அது. அங்கே வயலுக்கும் வயலுக்குப் போகிற வழிக்கும் பொருந்தும்படி வண்டியைச் செய்தார்கள். நமக்கோ வட இந்தியக் கோதுமை வயலுக்காகச் செய்த பெரிய வண்டியும் வந்தது, நெல் வயலுக்காகச் செய்த சின்ன வண்டியும் வந்தது. எந்தச் சாலைக்கு எது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

ஆனால் பெல்ட் மெஷின் சாலையில் ஓடக் கூடாத வண்டி. தாரில் ஓடினால் பெல்ட் தேயும். வளைவில் திருப்பினால் தாரைத் திருகிப் பிய்த்துவிடும். ஆகவே லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஏற்றவும் இறக்கவும் நடுச்சாலையில் பலகை போட்டு அரை மணி நேரம் மறிப்பார்கள். அதற்கென்று ஊரில் ஒரு மேடு இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

சாலை படும் பாடு

மெஷினைத் திட்டுகிறவர்கள் டிராக்டரை மறந்துவிடுகிறார்கள். உழவுக் காலத்தில் சாலையைக் கிழிப்பது கேஜ் வீல். சேற்று உழவுக்காக டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம் அது. வயலில் அதுபோல உதவி வேறில்லை. கழற்றி மாட்ட நேரமாகும் என்று அப்படியே சாலையில் ஓட்டும்போது அதன் பட்டைகள் தாரில் கொத்திக்கொண்டே போகும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறக் கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் மாவட்ட நிர்வாகங்கள் எச்சரிக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் புதுச் சாலையில் பல் பதித்தது போல வரிசையாகத் தடம் விழுகிறது.

பாரம் சாலையை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சாலைகளைப் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு ஒன்றின் மேல் விழும் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று தெரிந்தது. உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் இன்றும் இந்த விதியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆயிரம் பைக் போவதால் சாகாத கிராமச் சாலை, நெல் மூட்டை அதிகம் ஏற்றிய சில லாரிகளில் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அதிலும் கரைச்சாலையின் ஓரம்தான் பலவீனம். எதிர் வண்டிக்கு ஒதுங்கி ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கினால், மழைக்கு ஊறிய கரை உள்வாங்கி, நெல்லோடு டிராக்டர் பெட்டி வாய்க்காலில் கவிழும்.

சேறு இன்னொரு தொல்லை. வயலிலிருந்து ஏறும் வண்டியின் டயர் இடுக்கிலிருந்து களிமண் கட்டி கட்டியாகச் சாலையில் விழும். காய்ந்தால் புழுதி. ஒரு தூறல் போட்டால் வழுக்கல். இரவு வேலை முடிந்து பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.

மேலே கம்பி, பின்னால் இருட்டு

மின்கம்பி சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்கும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்கும் குறையக் கூடாது என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். தெரு அல்லாத இடங்களில் 11 கிலோவோல்ட் வரையிலான காப்பில்லாத கம்பிக்கு 4.6 மீட்டர் போதும். காகிதத்தில் இது சரி. ஊரில் கம்பம் சாய்கிறது, கம்பி தொய்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்கிறது. கீழே சாலை ஏறி வர, மேலே கம்பி இறங்கி வர, நடுவே வைக்கோல் லாரி போகிறது.

மெஷின் வந்த பிறகு வைக்கோலும் தொழிலாகிவிட்டது. கட்டு கட்டும் இயந்திரம் உருட்டிப் போடும் வைக்கோலை வெளி மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் மாட்டுத் தீவனமாக ஏற்றுகிறார்கள். எடை குறைவு என்பதால் உயரத்திலும் அகலத்திலும் கட்டுப்பாடே இல்லாமல் அடுக்குகிறார்கள். கம்பியில் உரசித் தீப்பிடித்து, குடியிருப்புக்கு நடுவே எரியும் லாரியை டிரைவர் ஏரிக்கோ குளத்துக்கோ ஓட்டிக்கொண்டு போன செய்திகளைக் கோடைக்கு முன்னால் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

இரவில் ஆபத்து வேறு மாதிரி. பின்விளக்கு இல்லாத டிராக்டர் பெட்டி, கரும்பு ஏற்றிய டிரெய்லர், மண் அப்பி மறைந்துபோன சிவப்பு ஸ்டிக்கர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக்குக்கும் 20-ல் போகும் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு 11 மீட்டர். ஐம்பது மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தால் கையில் இருப்பது நாலரை நொடி. முன்னால் போவது மெதுவான வண்டி என்று மூளை புரிந்துகொள்ளவே அதில் பாதி போய்விடும். இதற்காகவே 1960-களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவப்பு விளிம்பும் ஆரஞ்சு நடுவும் கொண்ட முக்கோணப் பலகையை உருவாக்கினார்கள். பார்த்தவுடனே ‘இது ஊர்ந்து போகிற வண்டி’ என்று தெரியும். ஒரு மூட்டை நெல் விலைக்குள் ஒட்டும் பட்டையும் பின்விளக்கும் மாட்டிவிடலாம். உயிர் போன பிறகுதான் அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

களம் இல்லாத ஊர்

சாலையை அடைப்பது மெஷின் மட்டும்தானா? ஊரும் அடைக்கிறது. பாதிச் சாலையில் நெல் காய்கிறது, சுற்றிலும் கருங்கல் வரிசை. மீதிப் பாதியில் உளுந்துச் செடியைப் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தை வைத்துப் போரடிக்கிறார்கள். ஓரத்தில் வைக்கோல் போர், கட்டிய மாடு, வாசலை நீட்டிப் போட்ட கொட்டகை. பன்னிரண்டு அடிச் சாலை ஊருக்குள் ஏழடியாகிறது.

இதையும் வெறும் ஒழுங்கீனம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ஊருக்கு ஊர் இருந்த களங்கள் வீடாகவும் கட்டடமாகவும் மாறின. 17 சதவிகித ஈரத்துக்குள் நெல்லைக் கொண்டுவா என்று சொல்கிற ஏற்பாடு, எங்கே காயவைப்பது என்று சொல்வதில்லை. அரசு கட்டிய உலர்களங்கள் எல்லா ஊருக்கும் போதவில்லை. களம் இல்லாத ஊரில் சாலைதான் களம். மெஷின் பிரச்னைக்கு விடை தேடுகிறவர்கள் சாலையை அளப்பதற்கு முன்னால் களத்தைத் தேட வேண்டும்.

தேர் சொல்லும் பாடம்

பெரிய வண்டி, சின்னத் தெரு. இந்தச் சிக்கலைத் தீர்க்க டெல்டாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல நூற்றாண்டுகளாகத் தீர்த்து வந்திருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது. ஆனால் தேரை உண்மையில் திருப்புகிறவர்கள் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். எந்தச் சக்கரத்தின் கீழ் எப்போது கட்டையைத் தள்ள வேண்டும் என்பது அவர்களுக்குப் பரம்பரை அறிவு. நாள் முன்பே குறிக்கப்படுகிறது. வழி முன்பே தெரியும். தேர் கிளம்புவதற்கு முன்னால் மின்சாரம் நிறுத்தப்படுகிறது, குறுக்கே உள்ள கம்பி அவிழ்க்கப்படுகிறது. ஓரத்துக் கடை உள்வாங்குகிறது. 300 டன் ஊர்ந்து வருகிறது, ஒரு சண்டையும் இல்லை.

அந்த ஏற்பாட்டில் ஓர் இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதும் டெல்டாவுக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

தேர் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அறுப்பு மெஷின் ஆண்டுக்கு இரண்டு முறை, வாரக்கணக்கில் வருகிறது. தேருக்குக் குறிக்கிற நாளும் வழியும் நேரமும், முன்னால் நடக்கிற ஆளும் இதற்கு ஏன் இல்லை?

வெளிநாட்டுக்குப் போனாலும் விடை இதேதான். வேலியும் மண்கரையும் இரு பக்கமும் நெருக்கும் சந்துச் சாலைகள் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஏராளம். அங்கே வேளாண் வண்டியின் அகலம் 3 மீட்டரைத் தாண்டினால் பொதுவாகக் காவல் துறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். 3.5 மீட்டரைத் தாண்டினால் மணிக்கு 12 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது, வழி காட்டத் துணை ஆள் வேண்டும். பஞ்சாப் மெஷின்கள் நெடுந்தூரம் போகும்போது கட்டர் பாரைக் கழற்றித் தனி டிராலியில் பின்னால் இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலைக்கு உள்ள அந்த மரியாதை ஊராட்சிச் சாலைக்கு மட்டும் கிடைப்பதில்லை.

ஊர்க் கூட்டத்தில் வைக்க ஆறு தீர்மானங்கள்

1. கட்டர் பாரை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடக் கூடாது. இறங்குகிற வயலின் வாசலில் மாட்டிக்கொள்ளலாம்.

2. பள்ளி நேரத்தில், காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 5 வரையும், மெஷினும் வைக்கோல் லாரியும் சாலையில் நகரக் கூடாது. முந்தின நாள் மாலையே வயலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் காலை அறுப்பும் கெடாது.

3. மெஷினுக்கு முன்னால் பைக்கில் ஓர் ஆள். வளைவிலும் பாலத்திலும் எதிர் வண்டியை நிறுத்துவது அவர் வேலை. தரகுப் பணத்தில் அவர் கூலி அடங்கும்.

4. பக்கத்து பக்கத்து வயல்களை ஒரே சுற்றில் அறுக்க வரிசை. இது சாலையையும் காக்கும், டீசலையும் மிச்சப்படுத்தும்.

5. சாலை முழுவதையும் அகலமாக்க முடியாவிட்டாலும், எதிரெதிர் வண்டிகள் ஒதுங்குவதற்குப் பார்வை படும் தூரத்தில் ஓர் இடம். புறம்போக்கு எங்கெங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். கூடவே மெஷினை ஏற்றி இறக்க ஒரு மேடு, வயலுக்கு இறங்கச் சிமென்ட் சாய்தளம்.

6. அறுப்புக்கு முன்னால் மின்வாரிய ஊழியரோடு ஒரு நடை. தொய்ந்த கம்பிகளைக் கணக்கெடுத்து எழுதிக் கொடுப்பது.

இதில் ஒன்றுக்கும் புதுச் சட்டம் வேண்டாம். ஊராட்சிச் சாலையைப் போடுவதும் பராமரிப்பதும் கிராம ஊராட்சியின் கடமை என்று 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே சொல்கிறது. ஐந்தாவது தீர்மானத்துக்கு மட்டும் கொஞ்சம் பணம் வேண்டும். மற்றவற்றுக்கு ஊர் ஒப்புக்கொண்டால் போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஜனவரி 26 சம்பா அறுப்பின் வாசலில் வருகிறது. ஆகஸ்ட் 15 குறுவை அறுப்புக்கு முன்னால் வருகிறது. யாரோ நாள் பார்த்துக் குறித்தது போல இரண்டும் பொருந்தி நிற்கின்றன. வருகிற கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்கு, கணக்கு வாசிப்பு எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். ‘நம்ம ஊருக்கு மெஷின் எந்த வழியா வரும், எந்த நேரத்துல வரும், முன்னால யார் வருவா?’ என்று கேளுங்கள். பதிலை அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மெஷின் வந்துவிடும்.